பிரிட்டிஷ் கறிக்கடைகளின் சமையலை மாற்றியது யாருடைய நாக்கு?

கயல்விழி (லெஸ்டர்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். லெஸ்டர் நகரில் மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். எங்கள் துறையில் உள்ளவர்கள் அவ்வப்போது வெள்ளிக்கிழமை இரவில் ஒன்றாகக் கறிக்கடைக்கு, அதாவது இங்கே ‘கறி ஹவுஸ்’ எனப்படும் இந்திய உணவகத்துக்கு, போவதுண்டு. அங்கே உணவுப் பட்டியலில் ‘மெட்ராஸ்’ என்றொரு கறி இருக்கிறது. கோழி, ஆட்டிறைச்சி, இறால் என்று மூன்று வகையாக அது கிடைத்தாலும் மூன்றிலும் குழம்பு ஒன்றுதான். செக்கச்செவேலென்று, தக்காளியும் எலுமிச்சையும் சேர்ந்த புளிப்போடும் நல்ல காரத்தோடும், வழவழப்பாக இருக்கிறது. கடுகு தாளித்த வாசம் இல்லை. கறிவேப்பிலை, புளி, மிளகு, தேங்காய் எதுவும் இல்லை. மதுரையில் பிறந்து சென்னையில் படித்தவள் என்பதால் உடன் பணிபுரிவோர் அந்தக் கறியைக் காட்டி “உங்கள் ஊரில் இது எப்படி இருக்கும்?” என்று ஆர்வத்தோடு கேட்கிறார்கள். இப்படி ஒரு குழம்பே எங்கள் ஊரில் கிடையாது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தில் வரும் வியப்பு எனக்கே சங்கடமாக இருக்கிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் விளக்கம், வெள்ளைக்காரர்களின் நாக்குக்கு ஏற்றபடி நம் சமையலை மாற்றிவிட்டார்கள் என்பது. இரண்டு காரணங்களால் இந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. நாக்குக்கு ஏற்ப மாற்றுவது என்றால் காரத்தைக் குறைத்திருக்க வேண்டும். அந்த ‘மெட்ராஸ்’ கறியோ என் அம்மா வைக்கும் எந்தக் குழம்பையும்விடக் காரம் மிகுந்தது; பட்டியலில் அதற்கும் மேலே ‘விண்டலூ’ இருக்கிறது. இன்னொன்று, இதே நகரின் பெல்கிரேவ் சாலையில் 1972-இல் உகாண்டாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த குஜராத்திகள் நடத்தும் கடைகளில் டோக்ளா, காண்ட்வி என்ற கடலைமாவுப் பலகாரங்கள் யாருக்காகவும் உருமாறாமல் அப்படியே கிடைக்கின்றன. ஆனால் அந்தக் கடைகளிலேயே ‘மோகோ’ என்று மரவள்ளிக்கிழங்கை வறுத்து மிளகாய் தூவித் தருகிறார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்காவில் அவர்கள் பழகிக்கொண்டு வந்தது. ஆக, அவர்களுடைய உணவும் மாறியிருக்கிறது, வேறொரு வழியில் மாறியிருக்கிறது.

வேற்று நாட்டில் குடியேறியவர்களின் சமையலில் எது மாற வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதை உண்மையில் எது தீர்மானிக்கிறது? உண்பவரின் சுவையா, சமைப்பவரின் நிலைமையா? கறிக்கடைச் சமையலறையில் வேலை செய்தவர்களோ, இதன் வரலாற்றைப் படித்தவர்களோ விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

சிவபாலன் (ஈஸ்ட் ஹாம்) எழுதியது:

தங்கை கயல்விழிக்கு வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில், 1990களில், தென் இங்கிலாந்தின் சிறிய ஊர் ஒன்றில் கறிக்கடைக் குசினியில் வேலை செய்தேன். முதலாளியும் சமையற்காரர்களும் பங்களாதேசத்தின் சில்ஹெட் மாவட்டத்தவர்கள். தட்டுக் கழுவுவதில் தொடங்கி அடுப்படி வரை வந்தேன் என்பதால், நீங்கள் குறிப்பிட்ட அந்த வழவழப்பான குழம்பு எப்படி உருவாகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்த அண்டாவுக்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

எங்கள் நாள் வெங்காயத்தோடு தொடங்கும். மூட்டை மூட்டையாக உரித்த வெங்காயத்தை ஆள் குனிந்து கழுவ வேண்டிய அளவுள்ள அண்டாவில் போட்டு, இஞ்சி, உள்ளி (பூண்டு), கொஞ்சம் கரட், கோவா (முட்டைக்கோஸ்), குடைமிளகாய் என்று இருப்பதையெல்லாம் சேர்த்து, தண்ணீரும் எண்ணெயும் உப்பும் மஞ்சளும் விட்டு, வெங்காயத்தின் பச்சை வாசம் முற்றாகப் போகும்வரை மணிக்கணக்காக அவியவிடுவோம். பிறகு அதை இயந்திரத்தில் கூழாக அரைத்து, தக்காளியும் தூள்களும் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை திரும்பவும் கொதிக்க வைப்போம். இதுதான் அடிக்குழம்பு, குசினியில் எல்லோரும் ‘கிரேவி’ என்றே சொல்வோம். தனியாக எடுத்து நக்கிப் பார்த்தால் இதற்கென்று பெரிய சுவை எதுவும் இராது. அப்படி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கமும். இன்னொரு பக்கம் கோழியும் ஆட்டிறைச்சியும் மஞ்சள் நிறத்தில் முக்கால் பதத்துக்கு வெந்து ஆறிக்கொண்டிருக்கும்.

இரவு ஓடர் வந்ததும் நடப்பது வேறு வேலை. அலுமினியத் தாச்சியை (வாணலியை) மிகப் பெரிய நெருப்பில் வைத்து, எண்ணெயில் இஞ்சி உள்ளி விழுதைப் போட்டு, தக்காளி விழுது, கலவைத்தூள், மிளகாய்த்தூள் ஆகியவற்றைக் கருகுவதற்குக் கொஞ்சம் முன்னால் வரை வதக்கி, ஒரு அகப்பை கிரேவி விடுவோம். அது சுண்டித் தாச்சியின் ஓரத்தில் பிடிக்கும். அந்தப் பிடிப்பைச் சுரண்டி உள்ளே சேர்ப்பதில்தான் ருசி இருக்கிறது. பிறகு இன்னொரு அகப்பை, அவித்த இறைச்சி, கடைசியில் எலுமிச்சைச் சாறு, மல்லித்தழை. ஏழெட்டு நிமிடத்தில் ‘மெட்ராஸ்’ தயார். அதே தாச்சி, அதே கிரேவியில் மிளகாய்த்தூளை விட்டுவிட்டுத் தேங்காய்த்தூள், பாதாம்தூள், சீனி, கிரீம் சேர்த்தால் ‘கோர்மா’. மிளகாயைக் கூட்டிக் கொஞ்சம் வினாகிரியும் (வினிகரும்) உருளைக்கிழங்கும் போட்டால் ‘விண்டலூ’. அவித்த பருப்பும் எலுமிச்சையும், சில கடைகளில் அன்னாசித் துண்டும் சேர்ந்தால் ‘தன்சாக்’.

ஏன் இப்படி? அந்தக் காலத்தில் மதுக்கடைகள் இரவு 11 மணிக்கு மூடப்படும். மூடியதும் பெருங்கூட்டம் ஒரே நேரத்தில் எங்கள் கடைக்குள் வரும். பட்டியலில் ஏறத்தாழ எண்பது கறிகள் இருக்கும். அடுப்படியில் நிற்பது மூன்று பேர். யாழ்ப்பாணத்தில் என் ஆச்சி ஆட்டிறைச்சிக் கறி வைத்த முறையில், எலும்போடு மெல்லிய நெருப்பில் வைத்து, தேங்காய்ப்பாலை இரண்டு தரமாக விட்டுச் சமைத்தால் முதல் மேசைக்காரருக்கே விடிந்துவிடும். இரவு நேரத்தில், குறைந்த ஆட்களோடு, குறைந்த விலையில், வீணாகாமல் எண்பது வகை கொடுப்பதற்கு ஒரே வழி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குழம்பை வைத்துக்கொண்டு கடைசி நிமிடத்தில் வேறுபடுத்துவதுதான். ‘மெட்ராஸ்’ என்பது அந்த அமைப்பில் ஓர் ஊரைக் குறிக்கவில்லை, மிளகாயின் ஒரு படியைத்தான் குறித்தது. முதல்முறை வருபவர் கோர்மாவில் தொடங்கி, பழகப் பழக மேலே ஏறுவார். நண்பர்களுக்கு முன்னால் விண்டலூ கேட்பது பலருக்கு ஒரு வீரச்செயல். ஆகவே காரம் கூடியதற்கும் உள்ளூர் மக்கள்தான் காரணம் என்று சொல்லலாம். ஆனால் கடுகும் கறிவேப்பிலையும் இல்லாமற் போனதற்கு அவர்கள் காரணமல்ல. அவற்றை வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. அவற்றைத் தெரிந்தவர் எவரும் அந்தக் குசினியில் இருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடை திறப்பதற்கு முன்னால் எங்களுக்கென்று தனியாக ஒரு சட்டி அடுப்பில் ஏறும். கிரேவியில் ஒரு சொட்டும் அதில் சேராது. எலும்போடு கூடிய இறைச்சியைச் ‘சாத்கொரா’ என்ற தடித்த தோலுள்ள எலுமிச்சை வகையின் தோலைப் போட்டு வைப்பார்கள். அதன் கசப்பும் வாசமும் இறைச்சியின் கொழுப்பை வெட்டிக்கொண்டு வரும். சில நாட்களில் ஆற்று மீன், சில நாட்களில் எங்கள் ஊர்க் கருவாட்டை நினைவூட்டும் ‘சுட்கி’. சோற்றோடு எல்லோரும் ஒன்றாக இருந்து கையால் சாப்பிடுவோம். அவ்வளவு நல்ல சாப்பாட்டை முன்கூடத்தில் இருந்த ஒருவருக்கும் நாங்கள் கொடுத்ததில்லை. முதலாளியிடம் ஒருமுறை காரணம் கேட்டேன். எலும்பைக் கண்டால் தட்டைத் திருப்பி அனுப்புவார்கள், மீன் முள்ளுக்கு யார் பொறுப்பேற்பது என்றார்.

---

தணிகாசலம் (மான்செஸ்டர்) எழுதியது:

சிவபாலன் அவர்கள் உள்ளிருந்து சொன்னதற்கு, வெளியிலிருந்து சில ஆண்டுகளையும் பெயர்களையும் சேர்க்கிறேன்.

இந்தியச் சமையல் பிரிட்டனுக்குக் குடியேறியவர்களோடு முதன்முதலில் வரவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்துத் திரும்பிய ஆங்கிலேயர்களோடு வந்தது. ஹன்னா கிளாஸ் 1747-இல் வெளியிட்ட சமையல் நூலிலேயே கறிக்குச் செய்முறை உண்டு; அதன் முதற்பதிப்பில் இருந்த மசாலா மிளகும் கொத்தமல்லி விதையும் மட்டுமே. கறித்தூள் என்ற, எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்து அடைத்த பொடி அதே நூற்றாண்டின் இறுதிக்குள் லண்டன் கடைகளில் விற்பனைக்கு வந்துவிட்டது. பிறகு சென்னையிலிருந்து கப்பலேறிய தூளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. ஆக ‘மெட்ராஸ்’ என்ற பெயர் ஒரு சமையலோடு வரவில்லை. வணிகச் சரக்கின் முத்திரையாக அது ஆங்கிலேயர் வீட்டு அலமாரியில் இருந்தது. பின்னாளில் கறிக்கடைக்காரர்கள் அந்தப் பழக்கமான பெயரை எடுத்துத் தங்கள் பட்டியலில் ஒரு படிக்கு வைத்தார்கள்.

பாட்னாவைச் சேர்ந்த சேக் தீன் முகமது 1810-இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்துஸ்தானி காபி இல்லத்தைத் தொடங்கினார். இந்தியாவில் பணியாற்றித் திரும்பிய கனவான்களை நம்பித் தொடங்கிய அந்த முயற்சி இரண்டே ஆண்டுகளில் அவரைக் கடனாளியாக்கியது; அந்தக் கனவான்களின் வீடுகளிலேயே கறி சமைக்கத் தெரிந்த வேலைக்காரர்கள் இருந்தார்கள் என்பது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. 1926-இல் எட்வர்ட் பால்மர் ரீஜண்ட் தெருவில் தொடங்கிய வீராசாமி உணவகமும் அதே வகை மக்களை நோக்கியதுதான். ஆனால் இது பல பத்தாண்டுகள் நீடித்தது.

சில்ஹெட் மக்கள் இந்தக் கதைக்குள் கல்கத்தாத் துறைமுகத்தின் வழியாக வந்தார்கள். ஆங்கிலேயக் கப்பல்களின் இயந்திர அறைகளில் நிலக்கரி அள்ளிப் போடும் வேலை அவர்களுடையது. தாங்க முடியாத அந்த வெக்கையிலிருந்து தப்பிக் கரையில் இறங்கி மறைந்தவர்களுக்கு லண்டனில் கிடைத்த வேலை பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, குண்டுவீச்சில் சிதைந்தும் கைவிடப்பட்டும் கிடந்த மீன்வறுவல் கடைகளைக் குறைந்த விலைக்கு வாங்கி நடத்தத் தொடங்கினார்கள். பழைய வாடிக்கையாளருக்காக மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் பட்டியலில் தொடர்ந்தன. கூடவே கறியும் சோறும் நுழைந்தன. கறிக்கடையில் இன்றும் ‘சிப்ஸ்’ கிடைப்பதும், மதுக்கடை மூடிய பிறகும் கடை திறந்திருப்பதும் அந்த நாட்களின் தொடர்ச்சி.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்த மக்கள் தங்கள் சொந்த ஊர்ச் சமையலை விற்கவே இல்லை என்பது. ஏற்கெனவே விலைபோய்க்கொண்டிருந்த பட்டியலைப் பார்த்து, முகலாய, பஞ்சாபி, பார்சி, கோவா உணவுகளின் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். போர்ச்சுக்கீசியர் பூண்டும் வினிகரும் சேர்த்து ஊறவைத்த இறைச்சிதான் கோவாவில் விந்தாலு ஆனது. அதைச் சில்ஹெட்டிலிருந்து வந்தவர் லண்டனில் யாரிடமோ பார்த்துக் கற்று, பர்மிங்காமில் ஒருவருக்குப் பரிமாறினார். ஒரு சமையல் மாறியது என்று இதைச் சொல்வதைவிட, மூன்று நான்கு இடங்களின் பெயர்களைக் கொண்டு பிரிட்டனிலேயே புதிதாக ஒரு சமையல் பிறந்தது என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கயல்விழி அவர்கள் கேட்ட ‘உள்ளூர் நாக்கு’ வெளிப்படையாகத் தெரியும் இடம் சிக்கன் டிக்கா மசாலா. தந்தூரில் சுட்ட கோழி வறண்ட உணவு. இறைச்சியோடு குழம்பை ஊற்றி உண்பது ஆங்கிலேயர் பழக்கம். கிளாஸ்கோ ‘ஷிஷ் மஹால்’ உணவகத்தின் அலி அகமது அஸ்லாம், 1970களில் ஒரு வாடிக்கையாளர் கோழி வறண்டிருக்கிறது என்று சொன்னபோது தக்காளி சூப்பைக் கொண்டு தாம் செய்ததே இது என்று கூறிவந்தார். 2022-இல் அவர் காலமானார். இதே உரிமையைக் கோருபவர்கள் வேறு பலரும் உண்டு. 2001-இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், வெளியிலிருந்து வருவதை பிரிட்டன் ஏற்றுத் தனதாக்கிக்கொள்வதற்குச் சான்றாக இந்த உணவைக் காட்டி, இதை நாட்டின் உண்மையான தேசிய உணவு என்றே பேசினார்.

ஆனால் பர்மிங்காமின் ‘பால்டி’ வேறு கதை. 1970களின் பிற்பகுதியில் ஸ்பார்க்புரூக், பால்சால் ஹீத் பகுதிகளில், பெரும்பாலும் மிர்பூரிலிருந்து வந்த பாகிஸ்தானியர்கள், மெல்லிய எஃகுத் தகட்டை அழுத்திச் செய்த இருபிடிச் சட்டியில் எலும்பில்லாத இறைச்சியைத் தாவர எண்ணெயில் விரைவாகச் சமைத்து, அதே சட்டியோடு மேசையில் வைத்தார்கள். அந்தச் சட்டிகள் பர்மிங்காமிலேயே செய்யப்பட்டவை. உலோகத் தொழிலுக்குப் பேர்பெற்ற ஊரில் குடியேறியதால் அவர்கள் சமையலுக்குப் புதிய பாத்திரம் கிடைத்தது. பாத்திரம் மெல்லிதாக இருந்ததால் நெருப்பு கூடியது, சமையல் நேரம் குறைந்தது, சுவையும் அதற்கேற்ப மாறியது. எந்த ஊரில் போய் இறங்குகிறோம் என்பது நாக்கின் வழியாக மட்டும் சமையலைத் தொடுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

---

மீனாட்சி (சென்னை) எழுதியது:

தணிகாசலம் ஐயா “புதிதாக ஒரு சமையல் பிறந்தது” என்று எழுதியிருப்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. சிவபாலன் ஐயா சொன்ன பின்கூடத்துச் சட்டிதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு மக்கள் கூட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரு நாட்டின் ஊருக்கு ஊர் கடை வைத்து உணவளித்திருக்கிறது; அவர்கள் வீட்டில் என்ன உண்கிறார்கள் என்பது உண்டவர்களுக்குத் தெரியவே இல்லை. இதில் சுவை மட்டும் இல்லை, விலையும் இருக்கிறது. குடியேறியவரின் உணவு மலிவாகத்தான் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் எதிர்பார்க்கும்வரை, நேரமெடுத்துச் செய்யும் உணவைப் பட்டியலில் சேர்க்கும் துணிவு கடைக்காரருக்கு வராது. பிரெஞ்சு உணவகத்தில் மணிக்கணக்காக வேகவைத்த இறைச்சிக்கு மனமுவந்து கொடுக்கும் பணத்தைச் சில்ஹெட்காரரின் சாத்கொராக் கறிக்கும் கொடுத்திருந்தால் அந்த அடிக்குழம்பே தேவைப்பட்டிருக்காது.

இதைச் சொல்லும்போது நாம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். சென்னையில் தெருமுனை வண்டியிலும் கிடைக்கும் கோபி மஞ்சூரியனையும் சில்லி சிக்கனையும் நாம் ‘சைனீஸ்’ என்று சொல்லி உண்கிறோம். அந்தச் சமையலுக்குப் பின்னால் கல்கத்தாவில் குடியேறிய ஹக்கா சீனர்கள் இருக்கிறார்கள். சிக்கன் மஞ்சூரியனை 1975-இல் பம்பாயில் உருவாக்கியதாகச் சொன்ன நெல்சன் வாங் கல்கத்தாவில் பிறந்தவர். இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் என்று இந்தியக் குழம்புக்கான தொடக்கத்தை வைத்து, கரம் மசாலாவுக்கு மாறாகச் சோயா சாறும் சோளமாவும் சேர்த்தார். இங்கும் குழம்புதான் கேட்டிருக்கிறோம், காரத்தைக் கூட்டிக் கேட்டிருக்கிறோம்.

அந்த மக்களுடைய வாழ்வோ அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1962 இந்திய-சீனப் போரின்போது இந்தியாவில் வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறத்தாழ 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள்; பலர் நாட்டைவிட்டே போனார்கள். கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் ஹக்காக்களின் தொழில் தோல் பதனிடுவது. மாசுபாட்டைக் காரணம் காட்டி 1996-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தொழிற்கூடங்களை நகருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னபோது, முன்பே உணவகங்களும் இருந்த அந்த இடத்தில் உணவகத் தொழில் மேலும் பெருகியது. ஒரு தீர்ப்பும் ஒரு போரும் எத்தனை பேரைச் சமையலறைக்குள் தள்ளுகின்றன என்பதையும் கயல்விழி தம் கேள்வியோடு சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். உப்பிலிட்ட கடுகுக்கீரையோடு பன்றி இறைச்சியை அடுக்கி ஆவியில் வேகவைப்பது ஹக்கா வீடுகளின் பெருமைக்குரிய உணவு. சென்னையில் ‘ஹக்கா நூடுல்ஸ்’ உண்டவர்களில் அதைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் இருப்போம்?

---

அருள்மொழி (டர்பன்) எழுதியது:

இதுவரை பேசியவை பெரும்பாலும் பிறருக்காகச் சமைத்தவர்களின் கதைகள். தமக்காகவே சமைத்தும் மாறிப்போன சமையல் ஒன்று நான் பணி நிமித்தமாக வாழும் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட ‘துருரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்தது. 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் வந்தார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தின் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். அவர்கள் சமையலைச் சுவைத்துக் கருத்துச் சொல்ல வெளியார் யாரும் வரவில்லை. தோட்டத்தில் அளந்து கொடுத்ததையும், மண்ணில் விளைந்ததையும் கொண்டுதான் சமைக்க வேண்டியிருந்தது. அரிசி போதாத இடத்தில் மக்காச்சோளம் வந்தது. இன்றும் ஆடி மாதத்தில் டர்பனின் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுகிறார்கள். அதைக் கேழ்வரகிலோ கம்பிலோ காய்ச்சுவதில்லை, மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சுகிறார்கள். அம்மனுக்குப் படைப்பதில்கூட தானியம் மாறிவிட்டது, படைக்கும் முறை மாறவில்லை.

கறியும் மாறியிருக்கிறது. எண்ணெய் தெளிந்து மேலே நிற்கும் சிவந்த ஆட்டிறைச்சிக் குழம்பில் பெரிய பெரிய உருளைக்கிழங்குகள் கிடக்கும். குழம்பை உறிஞ்சி ஊறிய அந்தக் கிழங்குக்காகவே குழந்தைகள் சண்டையிடுவார்கள். ஆனால் தாளிக்கும்போது கறிவேப்பிலை தவறாமல் விழும். பழைய தமிழ்க் குடும்பங்களின் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடியைப் பார்க்கலாம். நான்கைந்து தலைமுறையில் பேச்சுத் தமிழ் பெரும்பாலான வீடுகளில் நின்றுவிட்டது, செடி நிற்கிறது. லெஸ்டரின் ‘மெட்ராஸ்’ கறியில் கயல்விழி தேடிய இலை, மெட்ராஸிலிருந்து கப்பலேறியவர்களின் வீட்டில் நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் தப்பியிருப்பதற்குக் காரணம், அங்கே சமைப்பவரும் உண்பவரும் ஒரே குடும்பத்தவராக இருந்ததுதான் என்று நினைக்கிறேன்.

வெளியாருக்கு விற்கத் தொடங்கியபோது இங்கும் வடிவம் மாறியது. ‘பன்னி சவ்’ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெட்டப்படாத ரொட்டியைக் காலாகவோ அரையாகவோ வெட்டி, நடுவிலுள்ள மெத்தைப் பகுதியைக் குடைந்தெடுத்து, குழிக்குள் பீன்ஸ் கறியோ ஆட்டிறைச்சிக் கறியோ ஊற்றி, குடைந்த துண்டை மேலே வைத்துத் தாளில் சுற்றித் தருவார்கள். 1940களில் கிரே தெருவைச் சுற்றியிருந்த இந்தியர் கடைகளில் இது பரவியது. ஒரே கூரையின் கீழ் அமர்ந்து உண்ணக் கறுப்பின மக்களுக்குத் தடையிருந்த நிறவெறிக் காலத்தில், தட்டும் கரண்டியும் இல்லாமல் வெளியே எடுத்துச் சென்று உண்ணக்கூடிய உணவாக அது பயன்பட்டது. குழம்பு அதே வீட்டுக் குழம்பு. பாத்திரத்தை மட்டும் சட்டம் மாற்றியது.

---

கயல்விழி (லெஸ்டர்) எழுதியது:

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேரமும் ஆட்பலமும் விலையும் சட்டமும் சமையலில் இவ்வளவு தூரம் கைவைக்கும் என்பதை நான் இதற்குமுன் இப்படி இணைத்துப் பார்த்ததில்லை. சிவபாலன் ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பின்கூடத்துச் சட்டியிலிருந்து ஒரு தட்டு உண்ண வேண்டும் என்றால் இன்று எங்கே போவது? நம் இலங்கைத் தமிழர் கடைகளிலும் இதேபோன்ற மாற்றம் தொடங்கிவிட்டதா?

---

சிவபாலன் (ஈஸ்ட் ஹாம்) எழுதியது:

தங்கைக்கு: லண்டன் வருவதானால் வைட்சாப்பல் பக்கம் போங்கள். பிரிக் லேனின் பளபளப்பான முகப்புகளைக் கடந்து, பங்களாதேசத்தவர்கள் தாங்களே சாப்பிடப் போகும் கடைகளைத் தேடிப் போக வேண்டும். மேசையில் வைக்கும் பட்டியலைவிடக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தட்டங்களைப் பாருங்கள். மீன் தலையோடும் இறைச்சி எலும்போடும் இருந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். சாத்கொரா இருக்கிறதா என்று கேளுங்கள்; அந்தப் பெயரை நீங்கள் சொல்வதைக் கேட்டாலே பரிமாறுபவரின் பேச்சு மாறிவிடும். வேறு ஊர்களிலும் சில கறிக்கடைகள் இப்போது ‘ஸ்டாஃப் கறி’ என்ற பெயரில், தாங்கள் உண்ணும் கறியையே பட்டியலில் சேர்த்திருக்கின்றன. உங்கள் வழக்கமான கடையிலும் அப்படி இல்லையென்றால், கூட்டமில்லாத ஒரு நாளில் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

எங்கள் கடைகளைப் பொறுத்தவரை, ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹரோவிலும் அவை பெரும்பாலும் எங்கள் ஆட்களை நம்பியே தொடங்கியவை. அதனால் கொத்துரொட்டியின் உறைப்பையோ பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழின் மணத்தையோ குறைக்க வேண்டிய தேவை அப்போது இருக்கவில்லை. இப்போது மற்றவர்களும் வருகிறார்கள், வரவேற்கிறோம். ஆனால் எனக்குத் தெரிந்த கடைகளில் மாற்றம் வருவது அவர்கள் வழியாக அல்ல. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள்தான் சீஸ் போட்ட கொத்துக் கேட்கிறார்கள், எலும்பில்லாத இறைச்சி கேட்கிறார்கள். பழைய சமையற்காரர்கள் ஓய்வுபெற்ற பிறகு இடியப்பம் பிழிவதற்கும் சொதி வைப்பதற்கும் ஆள் கிடைப்பதில்லை என்பதால் உறையவைத்த இடியப்பம் பெட்டிகளில் வந்து இறங்குகிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று கடை நடத்தும் நண்பர்களோடு நான் இப்போதும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். சீஸ் போட்ட கொத்தில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகள் எங்கள் கடைக்கு வருகிறார்கள். இடியப்பத்தை மட்டும் கையால் பிழிய வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதாயில்லை. ஆள் இல்லையென்றால் சனிக்கிழமைகளில் வந்து நானே பிழிந்து தருகிறேன் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறேன்.